தானாக

அவள் பெயரைச் சொல்ல மாட்டேன்.
பெயரில் 'நம்பு' இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம்.
நம்புநாயகிக்கு நேர்ந்துகொண்டு
இந்தக் கரையில் பாதிப் பேருக்கு வைத்த பெயர்,
அதைக்கொண்டு யாரையும் பிடிக்க முடியாது.
மற்றதிலும் கொஞ்சம் மாற்றித்தான் சொல்கிறேன்.

மண்டபம் ஆஸ்பத்திரி,
ஊசி போடும் அறைக்குப் பின்னால் என் அறை.
பலகையில் ஒரு எழுத்தை உப்புக்காற்று தின்றுவிட்டது:
நம்பிக்கை   யம்.
மூன்று வருடமாக எழுதிப் போடுகிறேன்,
பெயின்டர் வரவில்லை.

ராமேசுவரத்திலேயே பார்த்திருக்கலாம்.
அங்கே சீட்டு எழுதுகிறவள்
நாத்தனாரோடு ஒரே குழுவில் கடன் வாங்கியவளாம்.
பாலம் தாண்டி வந்திருக்கிறாள்,
ஆதார் திருத்தப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு.

படிவத்தில் ஒரு கேள்வி: அனுப்பியவர் யார்?
டாக்டர், நர்ஸ், காசநோய்ப் பிரிவு, பிரசவப் பதிவு.
"யாரும் அனுப்பல.
பாசிக்கு முங்குறப்ப மூச்சு முட்டும்ல,
அந்த நேரத்துல தோணுச்சு."
கடைசிக் கட்டம் 'தானாக'.
அந்த மாதத்தில் அதில் விழுந்த முதல் டிக்.

புருஷன் மங்களூரில் போட்டுக்குப் போகிறவர்.
பத்து மாதம் அங்கே, தடைக்காலத்தில் இங்கே.
குறை ஒன்றும் சொல்லவில்லை அவள்.
"அவுக இங்க வந்தாகளா?"
வந்திருந்தாலும் சொல்ல மாட்டேன்,
வராவிட்டாலும் சொல்ல மாட்டேன் என்றேன்.
"பெறகு நீ என்னத்துக்கு இருக்க?"
எழுந்துவிட்டாள்.
வாசலில் ஒரு காலில் செருப்பை மாட்டினாள்.
திரும்பாமலே கேட்டாள்:
"அப்ப நான் வந்தத?"
"அதையும்தான்."
மாட்டிய செருப்பைக் கழற்றினாள்.

படப் புத்தகத்தை விரித்து, சாளரக் காலம் என்றேன்.
அவள் ஜன்னலைப் பார்த்தாள்.
கிருமி புகுந்த புதிதில் சோதனையில் தெரியாது,
மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை வரணும் என்று
பயிற்சியில் கற்றதையெல்லாம் இறக்கினேன்.

"இருக்கு, ஆனா கண்ணியில நிக்காது.
பொடிக்குஞ்சு வலைக்குள்ள போகும், வெளிய வரும்.
பருத்தாத்தான் மாட்டும்.
அதுக்காகக் கடல்ல மீனே இல்லன்னு ஆயிருமா?"

ஆறு வருடமாக நான் சொல்லி
யாருக்கும் விளங்காத ஒன்று.
இப்போது எல்லோருக்கும் அப்படித்தான் சொல்கிறேன்,
யார் சொன்னது என்று சொல்லாமல்.

எந்த விரல் என்றார் டெக்னீசியன்.
சுற்றியிருந்த துணிக்கீற்றுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள்.
பத்திலும் பாறை கீறிய கோடுகள்,
பழசின் மேல் புதுசு.
மோதிர விரலில் குத்தினார். வரவில்லை.
இரண்டாவது ஊசி பிரித்தார்.
"பாற தொட்டா ஒடனே ரத்தம் வருது,
கவர்மெண்டு குத்துனா வரமாட்டேங்குது."
மூன்று பேரும் சிரித்துவிட்டோம்.
சிரிப்பின் நடுவே வந்தது
ஒரு சொட்டு.

அரை மணி நேரம்.
கோடு ஒன்றா இரண்டா என்று கேட்காதீர்கள்.
இரண்டுக்கும் என்னிடம் பேச்சு உண்டு,
ஒன்றைப் பேசினேன்.
அழுதாளா என்றும் கேட்காதீர்கள்,
கடலில் முங்குகிறவள் கண் எப்போதும் சிவப்பு.

அடுத்த வாரம், சாயங்காலம், தங்கச்சிமடம் பஸ்.
ஈரச் சாக்குகளோடு நாலைந்து பெண்கள்,
நடுவில் அவள்.
என்னைப் பார்த்தாள்.
ஒரு சுவரைப் பார்ப்பது போல அவ்வளவு சுத்தமாக.
நான் பாலத்துக் கம்பிகளை எண்ணினேன்.
பக்கத்தில் இருந்தவள் ஏதோ கேட்டிருக்க வேண்டும்.
"யாரு கண்டா? நிக்கிறாகளே, பாவம்"
என்று சொல்லி
இரண்டு விரல் அகலம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

அந்த இடத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.
அவள் தோளின் ஈரம் என் சட்டைக்கு வந்தது.
பாம்பனில் அவள் இறங்கும்வரை
நாங்கள் முன்பின் அறியாதவர்கள்.