தலைமாட்டுப் பலகை

பௌலிங் கூடத்தை இடித்தபோது
ஓடுதளத்தை அடிக்கணக்கில் விற்றார்கள்.
ரைமோ ஐந்தடி வாங்கி வந்தான்.
மேப்பிள். இரண்டரை அங்குலக் கனம்.
பந்து உருண்டு உருண்டு
கண்ணாடியாகிவிட்ட முகம்.
அதில் கருமரத்தில் பதித்த ஏழு அம்புகள்,
இலையுதிர் காலத்து வாத்துகள்
ஏரியைத் தாண்டிப் போகிற வரிசையில்.

"நம் தலைமாடு" என்றான்.

எங்களுக்குத் தலைமாடு இருந்ததில்லை.
மெத்தை இருந்தது, சுவர் இருந்தது,
நடுவே ஒரு சாண் பள்ளம் இருந்தது.
தலையணை அதில் விழும்.
மூக்குக்கண்ணாடி விழும்.
ஒரு முறை
என் முதல் கணவனின் கைக்கடிகாரம் விழுந்து
சாவி தீரும்வரை
கட்டிலுக்கு அடியிலிருந்து
பேசிக்கொண்டிருந்தது.
ரைமோ தூங்குகிறவன்போல் படுத்திருந்தான்.
மறுவாரம்தான்
அளவுநாடாவை எடுத்தான்.

தண்டர் பேயில் பிப்ரவரி.
கராஜில் வார்னிஷ் காயாது,
மனிதன்தான் காய்வான்.
சமையலறை மேசைமேல் கிடத்தினோம்.
நான்கு நாள் நின்றுகொண்டே சாப்பிட்டோம்,
யாரோ இறந்த வீட்டில்போல,
குரலைத் தாழ்த்தி.
உப்புத்தாள் தேய்க்கத் தேய்க்க
பழைய மெழுகும் பியரும் கலந்த
ஒரு சனிக்கிழமை வாசனை.

அம்புகள் எந்தப் பக்கம் பார்ப்பது?
உன் பக்கம், என்றான் அவன், இளித்துக்கொண்டே.
இரவெல்லாம் என்னைக் குறிபார்க்க வேண்டாம், என்றேன்.
ஆக ஜன்னல் பக்கம்.
அதாவது அவன் பக்கம்.
அதாவது
வெளியே.

ஞாயிறன்று தூக்கினோம்.
பக்கத்து வீட்டு ஓரெஸ்ட் கீழே,
ரைமோ மேலே,
நான் நடுவில், உதவாத ஆலோசனைகளோடு.
படிக்கட்டு திரும்பியது.
பலகை திரும்பவில்லை.

சாய்த்தார்கள். நிமிர்த்தினார்கள்.
கைப்பிடியைக் கழற்றினார்கள்.
ஃபின்னிஷில் ஒருவன், உக்ரைனியில் ஒருவன்,
ஒரே கெட்ட வார்த்தையைத்தான் சொல்லியிருப்பார்கள்.
கடைசியில் ஓரெஸ்ட் வியர்வையைத் துடைத்து
தீர்ப்புச் சொன்னார்:
"ஒன்று வீட்டை அறுக்கணும்.
இல்லாவிட்டால் இதை."

அந்த மரத்துக்குள் பலகைக்குப் பலகை ஆணி.
ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை
நூலில் கட்டி நடத்திப் பார்த்தேன்.
மேலாக இருந்ததை மட்டும் சொன்னது.
ஆழத்தில் இருந்ததை
ரம்பம் கண்டுபிடித்தது,
ஒவ்வொரு முறையும் ஒரு கத்தலோடு.
மூன்று தகடுகள் பல்லிழந்தன.
மூன்றும் ஓரெஸ்டினுடையவை.
நடு அம்பின் குறுக்கே போனது வெட்டு.

இப்போது சுவரில் மாட்டியிருக்கிறோம்,
அவன் பாதி, என் பாதி.
நெருக்கித்தான் வைத்தோம்.
ஆனால் ரம்பத்தின் கனத்துக்கு மரம்
தூளாகிப் போய்விட்டது அல்லவா,
அந்த அம்பு மட்டும்
சற்றே குட்டை.
வருகிறவர்களுக்குத் தெரியாது.
படுத்தபடி அண்ணாந்து பார்த்தால் தெரியும்.

தலையணை விழுவதில்லை.
கடிகாரத்தை அலமாரியில் வைத்திருக்கிறேன்.
சாவி கொடுப்பதில்லை. கொடுக்காமலும் இல்லை.

மூன்று மணிக்குப் பனி வாரும் வண்டியோட்ட
ரைமோ எழுந்துகொள்கிறான்.
முன்பு அவன் சுவரில் கையூன்றி எழுந்தால்
மெத்தையோடு நானும் அசைவேன்,
திட்டுவேன்,
"பார்த்து ஓட்டு" என்பேன், திட்டுவதுபோலவே.
இப்போது பலகையைப் பிடித்து எழுகிறான்.
அவன் பாதி மட்டும் முனகுகிறது.
என் பாதி அசைவதேயில்லை.
நல்ல வேலைப்பாடு.

கண்ணை மூடிக்கொண்டு
காலுறை தேடும் சத்தம் கேட்கிறேன்.
இன்றைக்கு
அவன் கதவுவரை போன பிறகு
முட்டியை மடக்கி
என் பாதியை இரண்டு தட்டுத் தட்டினேன்.

நின்றான்.
"என்ன?" என்றான் இருட்டில்.

ஆணி ஏதாவது துருத்துகிறதா பார்த்தேன்,
என்றேன்.