ஊக்கு தேடிய இரவு

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில்
கொலுசுக்குக் கொக்கி வைப்பவன் நான்.
ஒரு நாளைக்கு எண்பது ஜோடி.
குதிகால் உதறினாலும் கழலக் கூடாது,
தூக்கக் கலக்கத்தில் ஒற்றைக் கையால்
கழற்றவும் வர வேண்டும்.
அந்தக் கணக்கு என் விரலுக்குத் தெரியும்.

நாலு மாதக் குழந்தையின் இடுப்பில்
ஒரு முழ வெள்ளைத் துணியை நிறுத்தத்தான்
தெரியவில்லை.

கோகிலவாணிக்கு இந்த மாதம் முழுக்க
பெரியாஸ்பத்திரியில் நைட் டியூட்டி.
போகும்போது சொன்னது இவ்வளவுதான்:
"முக்கோணமா மடிங்க. முன்னாடி குத்துங்க.
உங்க விரல் உள்ள இருக்கட்டும்."

முதலில் வாங்கியது ஒட்டுப்பட்டை வைத்தது.
பிரிக்கும்போது கிர்ரென்று ஒரு சத்தம்,
தூங்குகிற பிள்ளை கைகால் விரித்து அலறும்.
பட்டையை மூடாமல் துவைத்துவிட்டேன்;
என் லுங்கி நூலையும் கோகிலாவின் முடியையும்
மென்றுகொண்டு வந்தது வாளியிலிருந்து.
ஆறாம் துவைப்பில் எதையும் பிடிக்க மறுத்தது.

பிறகு டிக் பட்டன். இரண்டு வரிசை.
நாலாவதில் மாட்டினால் தொடை சிவக்கிறது,
ஐந்தாவதில் ஒழுகுகிறது.
நாலரை என்று ஒன்றை
யாரும் அடித்து வைக்கவில்லை.

மூன்று கால் ரப்பர் கொக்கியும் உண்டு,
நுனியில் பல் வைத்தது.
சின்னக் கடைவீதி ஜக்கரியா
கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்துக் காட்டி
அவரே திரும்ப உள்ளே வைத்தார்:
"நெருக்கி நெஞ்ச துணியில புடிக்காது தம்பி,
இழை தளர்வா இருக்கணும்."
என்னிடம் இருந்ததோ
நாலாய்க் கிழித்த என் கல்யாண வேட்டி.

ஆக, ஊக்கு.
பித்தளை பதினெட்டு ரூபாய், இரும்பு ஏழு.
வெள்ளியில் வேலை செய்கிறவன்
இரும்பை வாங்கி வந்தேன்.
சோப்பில் ஒருமுறை செருகி எடுத்தால்
எத்தனை மடிப்பிலும் வழுக்கிக்கொண்டு போகிறது.
இடது கையின் இரு விரல்
துணிக்கும் தோலுக்கும் நடுவில்.
குத்தினால் என்னைக் குத்தட்டும்.
குத்தியது. மூன்று முறை.

நேற்று ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போனது.
நனைந்ததை அவிழ்த்தேன். உலர்ந்ததை மடித்தேன்.
ஊக்கைக் காணோம்.

மூடியிருந்ததா, திறந்திருந்ததா?
பாயைத் தட்டினேன். தலையணை உறையை உதறினேன்.
செல்போன் வெளிச்சத்தில்
அக்குள், கழுத்து மடிப்பு,
இறுக மூடிய உள்ளங்கை,
ஒவ்வொன்றாய்ப் பிரித்துப் பார்த்தேன்.
வாய்க்குள் விரல் விட்டேன்.
சப்பினாள்.

அப்போதுதான் காந்தம் ஞாபகம் வந்தது.
அரம்பொடியில் கலந்த இரும்பை
வெள்ளியிலிருந்து பிரிக்கும் லாடக் காந்தம்,
சோற்றுப் பையின் அடியில் கிடந்தது.
பாயை உரசி உரசி இழுத்தேன்.
ஒரு கொண்டை ஊசி ஒட்டியது.
பேனா ஸ்பிரிங் ஒன்று.
ஜவுளிக்கடைச் சீட்டோடு ஒரு குண்டூசி.
அது இல்லை.

வியர்த்த கையால் காந்தத்தை
நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன்.
டிக்.

மூன்றாவது பட்டன் அறுந்த இடத்தில்
நானே குத்தி வைத்திருக்கிறேன்,
பத்திரமாய்ப் பூட்டி,
தலைகீழாய்.

பித்தளை வாங்கியிருந்தால்
காந்தம் பேசாமல் போயிருக்கும்.
விடியும்வரை தேடிக்கொண்டே இருந்திருப்பேன்
அந்தச் சட்டையோடு.

அதற்குள் அவள்
உலர்ந்த துணியையும் நனைத்துவிட்டு
அரைஞாண் கயிறு மட்டும் அணிந்து
இருட்டை உதைத்துக்கொண்டிருந்தாள்.

ஏழு மணிக்கு வந்த கோகிலா
எதுவும் கேட்கவில்லை.
துணி முனையை அந்தக் கயிற்றில் செருகி
இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்தாள்.
"இப்பைக்கு இது போதும்" என்றாள்.
"டீ வைங்க."

டீ வைத்தேன்.
ஊக்கைச் சட்டையிலிருந்து எடுக்கவில்லை.
பட்டறையில் யாராவது கேட்டால்
பட்டன் அறுந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.