ஆமென் சொல்லாத ஜெபம்

நாலரைக்கு அலாரம் வைத்து
முழங்காலில் நின்ற காலம் ஒன்று இருந்தது, ஆண்டவரே.
கொப்பியில் பெயர்கள் எழுதி
ஒவ்வொன்றாகக் கோடு கிழிப்பேன்:
மூத்தவளின் பிரசவம், சீட்டுக் காசு,
மூதூரில் மெற்றில்டா அக்காவின் கண் ஒப்பரேசன்.
முடிந்ததும் ஆமென்.
ஆமென் என்றால் எனக்குக்
கந்தோர்க் கதவைப் பூட்டித்
திறப்பைக் கைப்பைக்குள் போடுவதுபோல.
உம்மை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு
பஸ்ஸுக்கு ஓடுவேன்.

இப்போது ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் இரவு வேலை.
ஏழாம் வார்டு விரிப்புகள், தியேட்டரின் பச்சைத் துணிகள்,
ஆரோ வியர்த்தது, ஆரோ பிறந்தது
எல்லாம் ஒரே மெசினுக்குள் சுழல்கிறது.
விடிய வீட்டுக்கு வந்து
பாயில் விழுந்து
‘பிதாவே’ என்று தொடங்குவேன்.
அவ்வளவுதான் ஞாபகம்.
கண் திறந்தால் பத்தரை.
உப்புவெளி வெயில் ஜன்னல் கம்பியில் காய்கிறது.

ஒரு வருசம் வெட்கப்பட்டேன்.
பெண்கள் ஐக்கியத்தில் சாட்சி சொல்ல என் முறை வந்தால்
தலைவலி என்று நழுவினேன்.

பிறகு ஒரு லீவு இரவு
கட்டாரிலிருந்து ஜெரோஷன் எடுத்தான்.
சாப்பிட்டியா, சாப்பிட்டன்.
சம்பளம் போட்டாங்களா, இன்னும் இல்லை.
அதற்குப் பிறகு கதை இல்லை.
‘வைக்கட்டா?’ என்றேன்.
‘வேண்டாம் அம்மா, கிடக்கட்டும்.’
கிடந்தது,
தலையணைக்குப் பக்கத்தில்.
அங்கே ஏசி இரைந்தது,
கூட இருக்கிற நேபாளத்துப் பொடியன் இருமினான்.
இங்கே என் ஃபான், அதற்கும் அப்பால் கடல்.
அவன் மூச்சு நீள்வதைக் கேட்டேன்.
தூங்கிவிட்டான்.
நானும்.
விடிய எழும்பிப் பார்த்தால்
நாலு மணித்தியாலமும் பன்னிரண்டு நிமிசமுமாக
வெட்டுப்படாமல் ஓடிக்கொண்டிருக்கிறது லைன்.

பாயில் இருந்தபடி சிரித்தேன், தனியே.
ஆமென் சொல்லாமல் தூங்கினேனே,
அத்தனை விடியலும்
நீர் போனை வைக்கவில்லை.

அன்றிலிருந்து திறந்த லைனோடே திரிகிறேன்.
பாரைமீன் விலை கேட்டு ‘ஐயோ’ என்பதும் உமக்குக் கேட்கும்.
மேற்பார்வையாளரை மனதுக்குள் ஏசினதும்
கேட்டிருக்கும், என்ன செய்ய.

பஸ் நிலையத்தடியில் மான்கள் படுத்திருக்கின்றன.
ஹோர்ன் அடித்தாலும் எழும்பாது.
காட்டு மானுக்குக் காது எப்போதும் விறைத்தே நிற்குமாம்.
இதுகளோ ஓட்டோக்களுக்கு நடுவே
சோற்றுப் பார்சல் தாளை மென்றுவிட்டு
கண்ணை அரைவாசி மூடி அசைபோடுகின்றன.
தண்ணீர் தேடிக் களைத்து ஓடும் மானைப் பற்றித்தான்
ஞாயிறு பள்ளியில் படித்தோம்.
படுத்துக் கிடக்கிற மானைப் பற்றி
ஒருவரும் சொல்லித்தரவில்லை.

அதற்காக எல்லாம் சுகம் என்றில்லை.
நேற்று இரவு ஐந்தாம் வார்டிலிருந்து
ஒரு சின்ன விரிப்பு வந்தது,
ஓரத்தில் வாத்துப் படம் போட்டது,
வீட்டிலிருந்து கொண்டுவந்ததாக இருக்கவேண்டும்.
கொண்டுவந்த சிற்றூழியர்
என் முகத்தைப் பார்க்கவில்லை.
நான் கேட்கவும் இல்லை.
அதை மெசினில் போட மனமில்லாமல்
தொட்டியில் தனியே கையால் அலசினேன்.
உம்மிடம் சொல்ல ஒரு சொல்லும் வரவில்லை.
நீரும் ஒன்றும் சொல்லவில்லை.
தண்ணீர் ஓடும் சத்தத்துக்குள்
இரண்டு பேரும் இருந்தோம்.

பிழிந்து, உதறி, கொடியில் போட்டேன்.
குடாப் பக்கமிருந்து காற்று வந்தது.
வாத்துகள் கொஞ்சம் அசைந்தன.

வேலை முடிய இன்னும் இரண்டு மணித்தியாலம்.
கதை ஒன்றும் இல்லை ஆண்டவரே.
கிடக்கட்டும்.