மூன்று மில்லிமீட்டர்

செம்மண்டலம் குறுக்குத் தெரு, தகரக் கூரை ஆய்வகம்.
காலையிலிருந்து கரண்ட் வந்து வந்து போகிறது.
தாழங்குடாவில் எழும்பும் புயல் காப்பகத்துக்கான கம்பி:
பன்னிரண்டு எம்எம், மூன்று துண்டு,
உப்புக் காற்றில் அதற்குள் மேலே ஒரு செம்மை.

உளியால் இரண்டு பொட்டு வைத்தேன்,
நடுவில் சரியாக அறுபது மில்லிமீட்டர்.
தாடைகள் மேலும் கீழும் கவ்வின.

வழக்கமாகக் கம்பி இப்படித்தான் போகும்.
முதலில் பிடிவாதம். விட்டால் பழைய நீளத்துக்கே திரும்பிவிடும்.
பிறகு முள் ஓரிடத்தில் தயங்கும்.
அதற்கப்புறம் திரும்புதல் இல்லை.
கருந்தோல் செதில் செதிலாக உதிரும்,
ஓரிடம் மெலியும் கழுத்துபோல,
இனி இங்கேதான் என்று நமக்கும் தெரிந்துவிடும்.
காதைப் பொத்திக்கொள்ள நேரம் இருக்கும்.
அறுந்த முனையைத் தொட்டால் சுடும்.

இது அறுபத்தெட்டு கிலோநியூட்டன் வரை
முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.
பிறகு டமார்.

அமிர்தகடேசன் டீ டம்ளரோடு எட்டிப் பார்த்தார்.
"கேட்டதுக்கு மேலேயே தாங்கியிருக்கே மேடம்,
அப்புறமென்ன?"

உடைந்த இரண்டையும் முனைக்கு முனை பொருத்தித்தான்
நீட்சியை அளக்க வேண்டும். விதி அது.
ஒட்டாதென்று தெரிந்தே
ஒன்றாகப் பிடித்துக்கொண்டேன்.
அறுபத்து மூன்று.
எட்டாவது நீண்டிருக்க வேண்டும்.

"தாங்குச்சு சார். ஆனா சொல்லாம உடையுது.
உத்திரம் தொங்குனா, சுவர் வெடிச்சா,
உள்ள இருக்கறவங்க பிள்ளையத் தூக்கிட்டு ஓடலாம்.
இது ஓட விடாது."

போனில் யாரையோ அழைத்தபடி
அவர் வெயிலுக்குள் போனார்.

கான்கிரீட் கட்டிகளை நசுக்குவது வேதவல்லியின் வேலை.
ஆறு வருஷம்.
பக்கமெல்லாம் உதிர்ந்து நடுவில் உடுக்கை மிஞ்சும்;
அப்படி ஒன்றை மேசைமேல் வைத்திருந்தாள்,
பேப்பர் பறக்காமலிருக்க.
எதைக் கேட்டாலும் "ஒண்ணுமில்லக்கா."
இரும்பு மனுஷி என்பார் முதலாளி.
ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை
டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனவள்
போனவள்தான்.
பொருத்தி அளக்க
என்னிடம் இன்னொரு துண்டு இல்லை.

'தேறவில்லை' என்றெழுதிக் கையெழுத்திட்டேன்.
அடுத்த துண்டை ஏற்றி இழுக்கத் தொடங்கியதும்
கரண்ட் போயிற்று.

இருட்டில் தாடைகளுக்கு நடுவே கம்பி.
முள் மெல்ல இறங்கிக்கொண்டிருக்கிறது.
தயங்கும் இடத்தைத் தொட்டிருக்காது
என்றுதான் நினைக்கிறேன்.