சன்னல் இல்லாத அறை

நீச்சல் குளமுள்ள விடுதிக்கும் தேக்காவுக்கும்
இடையே நாலு ரயில் நிறுத்தம்.
வரைபடத்தில் விரல் வைத்து அளந்தாள் உமையாள்:
"பசிச்சா ரயிலேறணுமா?"

ஆகவே ஜாலான் புசாரில்,
பராட்டாக் கடைக்கு மேலே,
சன்னல் இல்லாத அறை.
இரவுக்கு இருபது வெள்ளி மிச்சம்.
சாவியைத் தராமல்
இருமுறை கேட்டார் சதக்கத்துல்லா:
"சன்னல் கிடையாது, பரவாயில்லையா?"

விளக்கணைத்தால் நண்பகலும் நள்ளிரவு.
ஆனாலும் மூக்குக்கு மணி தெரிந்தது.
வெங்காயம் வதங்கினால் நாலு.
கல்லில் நெய் காய்ந்தால் ஆறரை.
மீன் கறி கொதித்தால்
குளிக்காமலே ஓடவேண்டும்.

மூன்றாம் நாள்
ஒன்றும் மணக்கவில்லை.
பதறியெழுந்து கைப்பேசியைத் தடவினேன்:
பதினொன்றே முக்கால்.
கடைக்கு வார விடுமுறை.

போர்வைக்குள்ளிருந்து உமையாள்,
"அடுத்த தெரு. ஆட்டுக்கால் சூப்பு.
என் செருப்பைத் தேடு."