அரைப்புள்ளி

மாதக் கடைசி. தேவகோட்டைத் தாலுகா ஆபீஸ்.
முதியோர் பணப் பட்டியலில்
நூற்றுப் பதினொன்றாவது பெயர் உடையம்மை.
செத்து இருபது நாள்.
அடித்தால் ஆயிரத்து இருநூறு மிச்சம்.

மிச்சமா?
அடுத்து நிற்கிறாள் காளிக்கண்ணு,
மெஸ்ஸில் பாத்திரம் தேய்த்து ரேகை அழிந்தவள்.
மூன்று தடவை மிஷின் அவளை
இல்லை என்றுவிட்டது.

இந்த ஊர் நகரத்தார் கணக்கு பழசு:
மணம் முடித்தால் ஒரு புள்ளி,
துணை போனால் அரைப்புள்ளி,
புள்ளிக்கு இவ்வளவு என்று கோயில் வரி.
முகம் தெரிந்து எண்ணிய கணக்கு.
காளிக்கண்ணு அதில் கால்புள்ளிகூட இல்லை.

சர்க்கார் புள்ளியைப் பெரிதாக வைத்தது;
எல்லோரும் உள்ளே.
சோப்பு வாங்கும்போது அவளும்தான் வரி கட்டுகிறாள்.

"கட்டுகிறவன் குறைந்து வாங்குகிறவன் கூடினால்
எத்தனை வருசம் தாங்கும்?" என்கிறார் தாசில்தார்.
எனக்கென்ன தெரியும்.
பதினெட்டு வருசமாக என் சம்பளத்தில்
நூற்றுக்குப் பத்து பிடிக்கிறார்கள்;
எவ்வளவு திரும்பும் என்று கேட்ட என் மனு
இதே அலமாரியில், மேல் தட்டில்.

"சுண்டுவிரலை வைக்கட்டுமா சார்?"
அது அவ்வளவாகத் தேயவில்லையாம்.

வைத்தாள்.
கண்ணாடிக்கு அடியில் சிவப்பு வெளிச்சம்
யோசித்துக்கொண்டே இருக்கிறது.
உடையம்மை பெயரின்மேல்
இன்னும் கோடு போடாமல் நான்.