எந்த மாசி?

பெரியார் பஸ் நிலையத்தில் ஆட்டோக்காரரிடம்
அவள் சொன்னது ஒரே ஒரு சொல்: மாசி.
கீழயா மேலயா தெற்கா வடக்கா என்றிருக்கிறார் அவர்.
கையிலிருந்த சுருளைத் தூக்கிக் காட்டினாளாம்.
துணி என்றால் தெற்கு மாசிதான் என்று
என் கடை வாசலில் இறக்கிவிட்டார்.
நூற்றைம்பது ரூபாய்.

ஊர் ஃபிஜித் தீவு. பெயர் லித்தியா கவுண்டன்.
அங்கே கவுண்டன் பெண்ணுக்கும் பின்னால் வருமாம்.
தகப்பனுக்கு அண்ணா நகரில் கண் ஆபரேஷன்.
கட்டு அவிழ்க்கும் நாளில் டாக்டருக்குக் கொடுக்க
கடல் தாண்டி வந்திருக்கிறது இந்தச் சுருள்.
அவள் ஊரில் இதற்குப் பெயர்தான் மாசி.
அவளிடம் இருந்த தமிழ்:
தண்ணி, போதும், மாரியம்மா.
மீதியைக் கைகள் பார்த்துக்கொண்டன.

நான் மைதீன் பிச்சை. நாடக உடுப்புத் தையல்.
முருகனுக்குக் கச்சை, எமனுக்குக் கறுப்பு வெல்வெட்,
காட்டுக்குப் போகிற ராஜகுமாரனுக்கு மரவுரி.
மரவுரி என்றால் காவிப் பாப்ளின்,
மேலே பழுப்பு நூலில் வளைவு வளைவாய் இரண்டு ஓட்டம்.
முப்பது வருஷமாக எந்த ராஜகுமாரனும் குறை சொன்னதில்லை.

மேசையில் விரித்தாள்.
அப்பளக் கட்டு சரிகிற சத்தம்.
ஐந்து முழம் இருக்கும். ஓரமெல்லாம் கறுப்புக் கட்டங்கள்,
நடுவில் செம்மண் நிறத்தில்
நட்சத்திரமா நண்டா என்று பிடிபடாத ஒன்று.
அதன் குறுக்கே ஒரு சாண் கிழிசல்,
விமானத்தில் யாரோ பெட்டியைத் திணித்ததில்.

பழக்க தோஷம், இழை பார்த்தேன்.
இழை இல்லை.
பாவு இல்லை, ஊடு இல்லை, கரையும் இல்லை.
நேர் பிடிக்கத் தெரியாமல் என் விரல்
செக்குமாடு போல் சுற்றி வந்தது.
முசுக்கொட்டை ஜாதியில் ஒரு மரத்தின் பட்டையாம்.
உரித்து, ஊறவைத்து, அவள் அம்மா
கட்டையால் அடித்தே அகலமாக்கியது.
எப்படி என்று என் மேசையில் உள்ளங்கையால் அடித்துக் காட்டினாள்.
ஊசிப்பெட்டி குதித்தது.

அப்போ இதுதான் மரவுரி.

ஹேங்கரில் என் பாப்ளின் தொங்கியது.
நான் பார்க்காத மாதிரி இருந்தேன், அவள் பார்த்துவிட்டாள்.
அது என்ன என்றாள்.
அதுவும் மரம்தான் என்றேன்.

ஊசி குத்தினால் கிழிசல் நீளும்.
உங்கள் ஊரில் எப்படி ஒட்டுவீர்கள்?
கிழங்கு மாவு என்று கிண்டிக் காட்டினாள்.

பசைக்கு எங்கள் ஊரில் ஆளா இல்லை.
காதுகுத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும்
ஊர் அடங்கியபின் மதுரைச் சுவர்களை நனைக்கிற சோணைமுத்து.
மரவள்ளி மாவில், துத்தம் போடாமல், ஒரு டம்ளர் கேட்டேன்.
வாளியோடு அவனே வந்துவிட்டான்.
என்ன படம்ணே, இம்புட்டு மரியாதை?
படமில்லை.
கல்யாணத்துக்கு விரிப்பார்களாம், சாவுக்கும் விரிப்பார்களாம்.
அட, அப்ப நம்ம தொழில்தான் என்றான்.
பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு
சுட்டுவிரலால் தடவினான்,
குழந்தை நெற்றியில் பொட்டு வைப்பது போல.
அவள் கொண்டுவந்த துண்டுப் பட்டையை அடியில் கொடுத்து
மேலே இரண்டு இஸ்திரிப்பெட்டி, சூடில்லாமல்.

காலையில் சுருட்டிக்கொண்டு போனாள்.
டாக்டர் அதை எங்கே வைப்பார் என்று நான் கேட்கவில்லை.
என் நகக்கண்ணில் மட்டும் பசை
சாயங்காலம் வரை உரிந்துகொண்டிருந்தது.

உசிலம்பட்டியிலிருந்து போன்: திருவிழாவுக்கு மரவுரி நான்கு செட்.
பாப்ளினை மேசையில் போட்டேன்.
கத்தரி எடுக்குமுன்
யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு
உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி.

ஊசிப்பெட்டி குதித்தது.
துணி அகலவில்லை.